உங்களுக்குத் தெரியுமா? ஃபெராரியை வென்ற ஆறு கார்கள்

கார்களின் பெயருக்குப் பின்னால் வரும் 'ஜி.டி.' என்ற இரண்டு எழுத்து 'கிரான் டூரிஸ்மோ' என்பதன் சுருக்கம். இத்தாலிய மொழியில் நெடும்பயணம் என்று பொருள். மிலனில் காலைக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பாரீஸ் போய்ச் சேர வேண்டும். இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது, பெட்டி வைக்கவும் இடம் வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு வந்த பெயர் அது. 1962 முதல் 1965 வரை இந்த ஜி.டி. கார்களுக்கென்றே உலக அளவில் ஒரு பட்டம் இருந்தது. அதன் கடைசி ஆண்டான 1965-ன் கதையைத்தான் இந்த வாரம் துணுக்குகளாகத் தருகிறோம்.

★

அந்தப் பட்டம் டிரைவருக்குக் கிடைக்காது, காரைச் செய்த கம்பெனிக்குத்தான். உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவர் கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பட்டத்திலும் மூன்று பிரிவுகள் உண்டு. 1965-ல் முதல் பிரிவு 1300 சி.சி. வரை, இரண்டாவது 2000 சி.சி. வரை, மூன்றாவது அதற்கு மேல். இரண்டாவது பிரிவை போர்ஷே தன் சொந்த வீடு மாதிரி வைத்திருந்தது. மூன்றாவது பிரிவு ஃபெராரியின் கோட்டை.

★

ஒரு காரை ஜி.டி. என்று ஒத்துக்கொள்ள, பன்னிரண்டு மாதத்துக்குள் 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. உலகின் மிகப் புகழ்பெற்ற ஜி.டி. காரான ஃபெராரி 250 ஜி.டி.ஓ. எத்தனை செய்யப்பட்டது தெரியுமா? 36. பெயரில் உள்ள 'ஓ', 'ஓமொலொகாட்டோ' என்ற சொல்லின் முதல் எழுத்து. 'முறைப்படி அங்கீகாரம் பெற்றது' என்று அர்த்தம்!

இது எப்படி நடந்தது? ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற காருக்குப் பாடியை மாற்றிக்கொள்ளலாம், அதைப் புதிய காராகக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று விதிப்புத்தகத்தில் ஓர் இடம் இருந்தது. ஜி.டி.ஓ. புதிய கார் அல்ல, பழைய 250 ஜி.டி.யின் பாடியைத்தான் மாற்றினோம் என்று ஃபெராரி சொன்னது. அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். இந்த ஓட்டையை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க அதன் வழியாகத்தான் போகப்போகிறது.

★

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1960-களில், ஒரு 250 ஜி.டி.ஓ. காரை அதன் சொந்தக்காரர் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் வேலை படிக்கும் பிள்ளைகள் பிரித்துப் பூட்டிப் பழகட்டும் என்றுதான். 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொரு ஜி.டி.ஓ. ஏலம் போன விலை 5 கோடியே 17 லட்சம் டாலர்.

★

ஃபெராரியை எதிர்த்து நின்றவர் கோழிப்பண்ணை வைத்து நொடித்துப் போனவர். டெக்சாஸ்காரரான கரோல் ஷெல்பி வளர்த்த கோழிகள் நோயில் செத்தன. ஒருநாள் பண்ணையிலிருந்து நேராக ரேஸுக்கு வந்தவர், போட்டிருந்த கோடு போட்ட பண்ணை உடுப்போடு காரில் ஏறிவிட்டார். அதுவே பிறகு அவருடைய அடையாளம் ஆயிற்று. 1959-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஆஸ்டன் மார்ட்டினில் வென்றார். ஆனால் இதயத்தில் கோளாறு. 1960-ல் நாக்கடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு ஓட்டினார். அந்த ஆண்டோடு ஓட்டுவதை விட்டார். ஓட்ட முடியாது என்றான பிறகு கார் செய்யத் தொடங்கினார்.

★

அவர் செய்த 'கோப்ரா' ஒரு கலப்புக் கார். சேஸிஸ் இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனியுடையது, எடை குறைவு. இன்ஜின் அமெரிக்காவின் ஃபோர்டு வி-8, 4.7 லிட்டர். வளைவுகள் நிறைந்த ரேஸ் தளத்தில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் லெ மான்ஸ் போன்ற இடங்களில் பல கிலோமீட்டர் நேர்சாலை வரும். கூரையில்லாத கோப்ரா அங்கே மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில் மூச்சு முட்டி நின்றுவிடும். அதைவிடச் சின்ன இன்ஜின் கொண்ட ஃபெராரி பக்கத்தில் வந்து, தாண்டி, போயே போய்விடும். குறை சக்தியில் இல்லை, காற்றைக் கிழித்துப் போகிற உருவம் கோப்ராவுக்கு இல்லை.

★

தீர்வு கண்டவர் பீட் பிராக். முப்பது வயது நிரம்பாத இளைஞர், ஷெல்பி கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்த முதல் ஆள். ஃபெராரி நுழைந்த அதே ஓட்டை வழியாக நாமும் நுழைவோம் என்பதுதான் அவர் யோசனை. சேஸிஸ் பழையதாகவே இருக்கட்டும், பாடியை மட்டும் புதிதாகக் கட்டுவோம் என்றார். கரூர்ப் பட்டறைகளில் வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி பஸ்ஸாகி வெளியே போவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

காற்றுச் சுரங்கச் சோதனைக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. பட்டறை மூலையில் விபத்தில் அடிபட்ட ஒரு கோப்ரா கிடந்தது. அதன் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சீட்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, கென் மைல்ஸ் என்ற டிரைவரை அதில் உட்கார வைத்தார் பிராக். அட்டை, மரத்துண்டு, ஒட்டு நாடா இவற்றை வைத்து, அவர் தலைக்கு மேல் கூரை எங்கே வரும், கண்ணாடி எந்தச் சாய்வில் நிற்கும் என்று குறித்துக்கொண்டே போனார். ஓட்டுகிற மனிதரின் உடம்புதான் அந்தக் காருக்கு முதல் அளவுகோல். அதைச் சுற்றி மரச்சட்டம் எழுந்தது, சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடிக்கப்பட்டது.

பட்டறையில் பெரும்பாலானோருக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. காரணம், பின்பக்கம். முன்னாலிருந்து வழவழவென்று இறங்கி வரும் உருவம், பின்னால் கத்தியால் வெட்டியது போல் சட்டென்று முடிந்துவிடுகிறது.

★

அந்த வெட்டுக்கு ஒரு பெயர் உண்டு, 'காம் வால்'. வுனிபால்ட் காம் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1930-களில் ஆராய்ந்த விஷயம் இது. காற்று பிசிறில்லாமல் பிரிய, காரின் பின்பக்கம் மீன் வால் போல நீண்டு குறுக வேண்டும். ஆனால் அந்த நீளமான வாலைத் தகுந்த இடத்தில் வெட்டிவிட்டாலும், வால் அங்கே இருப்பது போலவே காற்று ஏறக்குறைய நடந்துகொள்ளும். நீளமும் மிச்சம், எடையும் மிச்சம். இன்று பெட்ரோலும் மின்சாரமும் மிச்சமாக வேண்டும் என்று வடிவமைக்கிற கார்கள் பலவற்றின் பின்பக்கம் வெட்டுப்பட்டது போல முடிவதற்குக் காரணமும் இதுவே.

★

1964 பிப்ரவரி 1. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தளத்தில், இன்னும் ஒழுங்காகப் பெயின்ட்கூட அடிக்காத காரை கென் மைல்ஸ் ஓட்டிப் பார்த்தார். பழைய கோப்ராவின் சாதனையை ஒரு சுற்றில் மூன்றரை விநாடி முந்தியது. ரேஸ் கார்களுக்கு அரை விநாடி குறைந்தாலே பட்டறையில் கொண்டாட்டம். அன்றைக்குப் பிறகு அந்த வாலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

★

முதல் ரேஸ் இரண்டே வாரத்தில், ஃப்ளோரிடாவின் டேட்டோனாவில். பாப் ஹோல்பர்ட், டேவ் மெக்டொனால்ட் இருவரும் மாறி மாறி ஓட்ட, கார் பல சுற்று முன்னிலையில் இருந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரென்ஷியல் கொதித்தது. பிட்டுக்கு வந்து பெட்ரோல் நிரப்பும்போது சிந்தியது அதன் மேல் பட்டு, தீ பற்றியது. காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குக்கு உடம்பில் தீக்காயம். ரேஸ் அத்தோடு முடிந்தது. கார் தோற்றது, ஆனால் அந்த ஊரின் பெயர் காருக்கு நிலைத்துவிட்டது. அன்று முதல் அது 'டேட்டோனா கூபே'.

★

மொத்தம் செய்தது ஆறே கார். முதலாவது அமெரிக்காவில் கட்டப்பட்டது. மற்ற ஐந்துக்கும் பாடி கட்டிய இடம் இத்தாலியின் மொடேனா நகரம். ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவிலிருந்து கூப்பிடு தூரம்! அலுமினியத் தகட்டைக் கையால் அடித்து உருவம் கொண்டுவரும் கொல்லர்கள் அந்த வட்டாரத்தில்தான் இருந்தார்கள். ஃபெராரியை வீழ்த்திய கார்களுக்கு உடம்பு கொடுத்தவை ஃபெராரி ஊர்க்காரர்களின் கைகளே.

★

1964-ன் லெ மான்ஸில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் ஓட்டிய டேட்டோனா கூபே, ஜி.டி. பிரிவில் எல்லா ஃபெராரிகளையும் பின்தள்ளி, மொத்தத்தில் நான்காவதாக வந்தது. பட்டத்துக்கு ஃபெராரிக்கும் ஷெல்பிக்கும் இடையே சில புள்ளிகளே வித்தியாசம். முடிவு தெரிய வேண்டிய இத்தாலியின் மோன்சா ரேஸோ நடக்கவே இல்லை. ஃபெராரியின் புதிய 250 எல்.எம். காரை ஜி.டி.யாக ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்ற தகராறில் ரத்தானது. பட்டம் ஃபெராரியிடமே தங்கிவிட்டது. இதில் ஃபெராரி கம்பெனியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் கை இருந்தது என்று ஷெல்பி தரப்பு நம்பியது.

★

அந்த 250 எல்.எம். தகராறில் என்ஸோவுக்கும் மனக்காயம் உண்டு. நூறு கார் எங்கே என்று இந்த முறை அதிகாரிகள் விடாமல் கேட்டார்கள். செய்ததோ சுமார் முப்பது. தன் நாட்டு மோட்டார் சங்கம் தனக்காகப் போராடவில்லை என்ற கோபத்தில், இனி இத்தாலியின் சிவப்பு நிறத்தில் ஓடமாட்டேன் என்று உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று காருக்கு நிறம் கொடுத்தது நாடு, விளம்பரக் கம்பெனி அல்ல. இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், அமெரிக்காவுக்கு வெள்ளையும் நீலமும். 1964-ன் கடைசி இரண்டு ஃபார்முலா 1 ரேஸ்களில் ஃபெராரிகள் வெள்ளை நீலத்தில் ஓடின. ஜான் சர்டீஸ் உலகப் பட்டம் வென்றது அந்த அமெரிக்க நிறத்து ஃபெராரியில்தான்.

★

1965 பருவத்தின் பந்தயச் சாலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஜெர்மனியின் நூர்பர்கிரிங்கில் ஒரு சுற்று காட்டு வழியாக 22.8 கிலோமீட்டர். சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோவிலோ ஒரு சுற்றே 72 கிலோமீட்டர். மலைக்கிராமங்களின் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகும் சாதாரணச் சாலை அது. அதையும் பத்துச் சுற்று. அந்த ஆண்டு டார்காவை லொரென்ஸோ பண்டினியோடு சேர்ந்து வென்றவர் நினோ வக்கரெல்லா, சிசிலிக்காரர். தொழில் என்ன தெரியுமா? பள்ளி ஆசிரியர். ஊரே சுவர்களில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தது.

★

மார்ச் 27, 1965. ஃப்ளோரிடாவின் செப்ரிங். இரண்டாம் உலகப் போர்க் கால விமானத் தளத்தைத்தான் ரேஸ் தளமாக்கியிருந்தார்கள். பகலெல்லாம் காங்கிரீட் கொதிக்கும் வெயில், காருக்குள் டிரைவர்கள் வெந்தார்கள். மாலையில் வானம் கறுத்தது. அடுத்து வந்ததை மழை என்று சொன்னால் போதாது. சமதளமான ஓடுதளத்தில் தண்ணீர் வடிய வழியில்லை. பிட்டில் அடுக்கி வைத்திருந்த டயர்கள் மிதந்து போயின. கூரையில்லாத கார்கள் தண்ணீர்த் தொட்டிகளாயின.

முன்னிலையில் இருந்தது ஜிம் ஹால், ஹாப் ஷார்ப் இருவரின் சப்பரல். அன்றைய அதிவேகக் கார். அகலமான டயர் காய்ந்த தரையில் பலம், வெள்ளத்திலோ தரையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதக்கும். ஆகவே சப்பரல் ஊர்ந்தது. மெல்லிய டயர் போட்ட குட்டி இங்கிலீஷ் கார்கள், அதுவரை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டவை, தண்ணீரை வெட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போயின. முன்பே சேர்த்து வைத்திருந்த சுற்றுகள் சப்பரலைக் காப்பாற்றின, வென்றது. அத்தனை வெள்ளத்துக்கும் நடுவே ஜோ ஷ்லெஸ்ஸரும் பாண்டுரண்டும் ஓட்டிய டேட்டோனா கூபே ஜி.டி. பிரிவை வென்று, மொத்தத்தில் நான்காவது ஆயிற்று. கூரை போட்டதற்கு அன்று ஒருநாளே போதும்.

★

ஐரோப்பிய ரேஸ்களில் டேட்டோனா கூபேக்களைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டது ஷெல்பியின் சொந்த ஆட்கள் அல்ல, இங்கிலாந்தின் ஆலன் மான் டீம். ஷெல்பிக்கு அந்த ஆண்டு ஃபோர்டு கொடுத்திருந்த பெரிய வேலை வேறு. லெ மான்ஸை ஒட்டுமொத்தமாக வெல்ல ஜி.டி. 40 காரைத் தயார் செய்ய வேண்டும். மோன்சாவிலும் நூர்பர்கிரிங்கிலும் கூபேக்கள் ஜி.டி. பிரிவை வென்றன. இரண்டு இடத்திலும் பாண்டுரண்ட் ஓட்டினார்.

★

லெ மான்ஸில் அன்று ரேஸ் தொடங்கிய விதம் இன்று யாரும் அனுமதிக்காத ஒன்று. கார்கள் ஒரு பக்கம், டிரைவர்கள் சாலையின் எதிர்ப்பக்கம். கொடி இறங்கியதும் ஓடிப்போய் ஏறிக் கிளப்ப வேண்டும். முந்திக் கிளம்பும் அவசரத்தில் சீட் பெல்ட்டை யார் நினைப்பார்? 1969-ல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஓட மறுத்தார். நிதானமாக நடந்து போய், பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாகக் கிளம்பினார். 24 மணி நேரம் கழித்து முதல் ஆளாக முடித்தார். அந்த ஓட்டத் தொடக்கம் அந்த ஆண்டோடு ஒழிந்தது.

★

1965 லெ மான்ஸ் ஷெல்பிக்குக் கசந்தது. டேட்டோனா கூபேக்கு எட்டாவது இடம்தான் கிடைத்தது. ஜி.டி. பிரிவை வென்றது பெல்ஜிய மஞ்சளில் வந்த ஃபெராரி 275 ஜி.டி.பி. ஒட்டுமொத்தமாக வென்றதும் ஃபெராரிதான். அதுவும் எந்தக் கார்? ஜி.டி. இல்லை என்று அதிகாரிகள் ஒதுக்கிய அதே 250 எல்.எம்.! யோகன் ரிண்டும், தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட மாஸ்டன் கிரெகரியும் ஓட்டினார்கள். அடுத்து ஃபெராரி லெ மான்ஸை ஒட்டுமொத்தமாக வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

★

பிரான்சின் ரீம்ஸ் ஷாம்பெயின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். அங்கே அன்று 12 மணி நேர ரேஸ் தொடங்கிய நேரம் நள்ளிரவு. இருட்டில் முழு வேகத்தில் கிளம்பி, விடியலைத் தாண்டி, நண்பகலில் முடிந்தது. ஜூலை 4, 1965 அன்று நண்பகலில் பாண்டுரண்டும் ஷ்லெஸ்ஸரும் மொத்தத்தில் ஐந்தாவதாக, ஜி.டி. பிரிவில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். பட்டத்துக்கு வேண்டிய புள்ளிகள் சேர்ந்துவிட்டன. அன்று அமெரிக்காவின் சுதந்திர தினம். அமெரிக்கக் கம்பெனி ஒன்று இப்படியொரு உலகப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

★

1965-ல் ஃபெராரி தொழிற்சாலை ஜி.டி. பிரிவில் முழு மனதோடு இறங்கவில்லை, தனியார் டீம்களின் பழைய ஜி.டி.ஓ.க்களைத் தோற்கடித்தது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1964-லேயே இந்தக் கார் லெ மான்ஸில் ஜி.டி. பிரிவின் எல்லா ஃபெராரிகளையும் வென்றுவிட்டது. தகுதி அன்றைக்கே நிரூபணமாயிற்று, பட்டம்தான் ஓராண்டு தாமதமாக வந்தது.

★

ஃபெராரியைத் தோற்கடித்த பாப் பாண்டுரண்டுக்கு 1965 அக்டோபரில் முதல் ஃபார்முலா 1 வாய்ப்பு வந்தது. எந்தக் காரில்? ஃபெராரியில்! அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் ஓட்டி ஒன்பதாவது வந்தார். 1967-ல் பெரிய விபத்து. எழுந்து நடப்பாரா என்றே சந்தேகம் இருந்தது. அடுத்த ஆண்டே ரேஸ் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்தினார்.

★

இந்தப் பட்டத்தைப் பார்க்க டேவ் மெக்டொனால்ட் உயிரோடு இல்லை. முதல் டேட்டோனா ரேஸில் ஓட்டிய அவர், 1964 மே 30-ல் இண்டியானாபொலிஸ் ரேஸ் தீ விபத்தில் இறந்தார். காரின் அளவுக்காகச் சீட்டில் உட்கார்ந்துகொடுத்த கென் மைல்ஸ், 1966 ஆகஸ்டில் அதே ரிவர்சைடு தளத்தில் புதிய கார் ஒன்றைச் சோதிக்கும்போது இறந்தார்.

★

பட்டம் வென்ற பிறகு ஆறு கார்களையும் யாரும் சீந்தவில்லை. அடுத்த ஆண்டு விதிகள் மாறிவிட்டன. பழைய ரேஸ் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் கட்டப்பட்ட கார், சேஸிஸ் எண் சி.எஸ்.எக்ஸ். 2287. டேட்டோனாவில் தீப்பிடித்ததும் அதுதான். 1965 நவம்பரில் பானவில் உப்புப் பாலைவனத்தில் சில வேகச் சாதனைகள் செய்துவிட்டு விலைக்கு வந்தது. புகழ்பெற்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் கைக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஓடியது. ரேஸுக்குப் பிறந்த கார் சிக்னலில் நின்றால் கொதிக்கும், நகர்ந்தால் அபராதச் சீட்டு வரும். அலுத்துப்போய் அவர் அதைத் தம் மெய்க்காப்பாளருக்கு 1,000 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து மெய்க்காப்பாளரின் மகளிடம் போனது. அவர் அதை ஒரு வாடகைக் கிடங்கில் வைத்துப் பூட்டினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! கார் எங்கே என்று தேடி வந்தவர்களில் ஷெல்பியும் ஒருவர். அந்தப் பெண் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 2000-ல் அவர் இறந்த பிறகுதான் கிடங்கு திறந்தது. உரிமை யாருக்கு என்று வழக்கு நடந்தது.

இப்போது அந்தக் கார் பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் கார் அதுவே. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்காமல், பழைய கீறல்களோடு வைத்திருக்கிறார்கள். பிலடெல்பியா பக்கம் பிள்ளைகளோ உறவினரோ இருந்து அங்கே போக வாய்த்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். முன்பக்கத்தைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் போய், அந்த வெட்டுப்பட்ட வாலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1964-லும் 1965-லும் ஃபெராரி டிரைவர்கள் அதிகம் பார்த்தது அதைத்தான்.